அறுபதுக்கு மேல் கேப் டவுன் 109 கி.மீ. சைக்கிள் பயணம்: முடித்தவர்களும் முயல்பவர்களும் பேச ஓர் இழை

சாட்ஸ்வொர்த் டீச்சர் (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை கேப் டவுன் சைக்கிள் டூரை முடித்துவிட்டேன். 109 கிலோமீட்டர், ஏழு மணி நேரக் கெடு. கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே கிரீன் பாயிண்டில் கோட்டைத் தாண்டினேன். எனக்கு வயது 63. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் சைக்கிள் ஓட்டவே கற்றுக்கொண்டேன். சின்ன வயதில் வீட்டில் சைக்கிள் இருந்தது. அப்பா வேலைக்குக் கொண்டு போவார், அண்ணன்மார் ஓட்டுவார்கள். பெண்பிள்ளைகள் கைக்கு அது வந்ததில்லை.

என் வயதுக்காரர்கள் பலர் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். தமிழில் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் உதவும் என்று நினைத்தேன்.

1978இல் இதைத் தொடங்கிய பில் மைல்ரியாவும் ஜான் ஸ்டெக்மனும் பந்தயம் நடத்துவதற்காகத் தொடங்கவில்லை. நகரத்தில் சைக்கிளுக்கென்று பாதை வேண்டும் என்பதை ஊருக்குக் காட்டத்தான் ஆட்களைத் திரட்டினார்கள். முதல் வருடம் 525 பேர். இப்போது பல்லாயிரம் பேர். வேகமாகப் போகிறவர்களுக்கு இருக்கும் உரிமை மெதுவாகப் போகிறவர்களுக்கும் இதில் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

பாதையைச் சொல்கிறேன். நகர மையத்தில் கிளம்பியதும் டெவில்ஸ் பீக் அடிவாரத்தில், க்ரூட்டெ ஸ்கீர் மருத்துவமனையை ஒட்டி ஏற வேண்டும். 1967இல் உலகின் முதல் இதய மாற்று அறுவை நடந்த அதே மருத்துவமனை. அதைக் கடக்கும்போது என் இதயத்தையும் நினைத்துக்கொண்டேன், நன்றியோடு. உடம்பு சூடாகும் முன்பே வருகிற ஏற்றம் என்பதால் எல்லோரும் நம்மைத் தாண்டித்தான் போவார்கள், போகட்டும். பிறகு எம்3 நெடுஞ்சாலை, மியூசன்பெர்க், கால்க் பே, ஃபிஷ் ஹூக், சைமன்ஸ் டவுன். இடது கைப்பக்கம் முழுக்கக் கடல்.

என்னைக் கேட்டால் உண்மையான சோதனை சைமன்ஸ் டவுனைத் தாண்டியதும் ஆரம்பிக்கிறது. ஸ்மிட்ஸ்விங்கல் ஏற்றம் அப்படியொன்றும் செங்குத்து இல்லை. ஆனால் தென்கிழக்குக் காற்று முகத்துக்கு நேராக வரும். அந்தக் காற்றுக்கு அந்த ஊரில் கேப் டாக்டர் என்று பெயர். 2017இல் அதன் வேகத்தைப் பார்த்துவிட்டு நிகழ்ச்சியையே ரத்து செய்தார்கள். இந்த முறை அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் மணி பார்க்காதீர்கள். போகிற வேகத்தைப் பார்த்தால் முடிக்கவே முடியாது என்று தோன்றிவிடும். கேப் பாயிண்ட் இயற்கைக் காப்பக வாசலைத் தாண்டித் திரும்பியதும் அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ள ஆரம்பிக்கும். ஸ்கார்பரோ, மிஸ்டி கிளிஃப்ஸ், கொமிட்கி வரை இழந்த நேரத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தது.

அடுத்து சாப்மன்ஸ் பீக். 1915 முதல் 1922 வரை பாறையைக் குடைந்து போட்ட சாலை, ஒன்பது கிலோமீட்டரில் 114 வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஹவுட் பே விரிகுடா. அன்றைக்கு ஒரு வண்டியும் கிடையாது, சாலை முழுக்க நமக்கே. இதற்காக மட்டுமே திரும்பவும் போவேன். அதன் பிறகு இறங்கி, ஹவுட் பேயைக் கடந்து, சூக்கர்பொஸி ஏற்றம். தூரம் குறைவுதான், ஆனால் தொண்ணூறு கிலோமீட்டர் மிதித்த கால் அது. பாதிப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் கடைசி வளைவில் கொஞ்ச தூரம் தள்ளினேன். அதிலே குறை ஒன்றுமில்லை. உச்சியில் ஏறிவிட்டால் லண்டட்னோ, கேம்ப்ஸ் பே, பிறகு முடிவுக்கோடு.

கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மலைக்கோட்டை (ஜோகன்னஸ்பர்க்)

டீச்சரம்மா, வாழ்த்துகள்! படிக்கும்போதே உடம்பு சிலிர்த்துப் போச்சு. எங்க அப்பாவுக்கு 66. திருச்சியில இருந்தவரைக்கும் பெல் தொழிற்சாலைக்கு சைக்கிள்லதான் போவார். இங்க எங்களோட வந்து தங்கினதுக்கு அப்புறம் வாசலைத் தாண்டறதே இல்ல. போன மாசம் வண்டி ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன், இப்ப தினமும் எங்க குடியிருப்பு வளாகத்துக்குள்ளயே சுத்தறார். அடுத்த வருஷம் கேப் டவுன் போகலாமான்னு அவரே கேட்கறார். ஏழு மணி நேரத்துல 109ன்னா சராசரி என்ன வருது? எந்தக் குழுவுல கிளம்பறோம்ங்கறது முக்கியமா?

சாட்ஸ்வொர்த் டீச்சர்

தம்பி, மணிக்கு 15.6 கிலோமீட்டர். சமதளத்தில் சுலபமாகத் தெரியும். ஆனால் மொத்தம் சுமார் 1,200 மீட்டர் ஏற வேண்டும், காற்று வேறு, தண்ணீர் பிடிக்க நிற்கும் நேரமும் இதில்தான் அடங்கும்.

குழு மிகவும் முக்கியம். முந்தைய போட்டிகளில் எடுத்த நேரத்தை வைத்துத்தான் குழு ஒதுக்குகிறார்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால் கடைசிக் குழுக்களில் தள்ளிவிடுவார்கள். காலை ஆறே காலுக்குக் கிளம்புகிறவர்கள் வீடு போய்ச் சேரும் நேரத்தில் நாம் வெயிலிலும் பிற்பகல் காற்றிலும் இருப்போம். 2002இல் வெயில் 42 டிகிரியைத் தொட்டுப் பாதியில் நிறுத்தினார்கள். அதனால் அப்பாவை அதற்கு முன்னால் ஒரு போட்டியிலாவது ஓட்டச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு அது வேகத்துக்காக இல்லை, குளிர்ந்த நேரத்தில் கிளம்பக் கிடைக்கும் வாய்ப்புக்காக.

வெளிப்படை (லெனேசியா)

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். டீச்சர் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு அறுபது வயதுக்காரர்கள் எல்லோரும் 109 கிலோமீட்டருக்குக் கிளம்பினால் என்ன ஆகும்? என் மைத்துனர் ஒருவர் ஐம்பத்தாறில் சைக்கிளில் போகும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிழைத்தார், கடவுள் புண்ணியம். நம் சமூகத்தில் சர்க்கரையும் இதய நோயும் எந்த வீட்டில் இல்லை? தினமும் அரை மணி நடந்தால் போதாதா? இவ்வளவு தூரம் எதற்கு?

சாட்ஸ்வொர்த் டீச்சர்

ஐயா, மைத்துனர் நலமாக இருப்பது சந்தோஷம். நீங்கள் கேட்டதை என் மகனும் கேட்டான். அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நடைப்பயிற்சி நல்லதுதான், நானும் நடந்தேன். ஆனால் மழை பெய்தால் விட்டுவிடுவேன், விருந்தாளி வந்தால் விட்டுவிடுவேன். 109 என்று ஒன்றைக் குறித்த பிறகு வாழ்க்கை ஒழுங்காயிற்று. சீக்கிரம் தூங்குகிறேன், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்தேன், வருடா வருடம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த மருத்துவப் பரிசோதனையைச் செய்துகொண்டேன். தூரம் பெரிதாக இருந்ததால்தான் இத்தனையும் நடந்தது. ஐந்து கிலோமீட்டருக்காக நான் இதில் ஒன்றைக்கூடச் செய்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. நம் பெரியவர்கள் வேல் குத்திக் காவடி எடுத்து வெயிலில் வெறுங்காலோடு நடக்கிறார்கள், எண்பது வயதிலும். அதற்கு முன்னால் விரதம் இருந்து உடம்பையும் மனதையும் பக்குவப்படுத்துகிறார்கள். அவர்களை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. தயார்ப்படுத்திக்கொண்டு செய்கிற காரியத்துக்கு வயது தடையில்லை என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஸ்டெத் (கேப் டவுன்)

நான் மருத்துவர், ஞாயிறுகளில் நானும் சைக்கிள் ஓட்டுகிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. 2018இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் 55 முதல் 79 வயது வரையுள்ள 125 சைக்கிள்காரர்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆண்கள் என்றால் ஆறரை மணிக்குள் 100 கிலோமீட்டர், பெண்கள் ஐந்தரை மணிக்குள் 60 கிலோமீட்டர் ஓட்ட முடிய வேண்டும் என்பது சேரும் தகுதி. அவர்களுடைய தசை வயதுக்கேற்பக் குறையவில்லை. நோய் எதிர்ப்புக்கான டி செல்களை உண்டாக்கும் தைமஸ் சுரப்பி இளையவர்களுக்கு இணையாக வேலை செய்தது. ஆனால் அவர்கள் வாழ்நாளில் பெரும்பகுதி ஓட்டியவர்கள். அறுபதில் தொடங்குகிறவருக்கும் அதே பலன் என்று இதைக் காட்டிச் சொல்லக் கூடாது.

தாமதமாகத் தொடங்குகிறவர்களுக்குப் பொருத்தமான ஆள் பிரான்ஸின் ராபர்ட் மார்ஷான். அறுபதைத் தாண்டிய பிறகு சைக்கிளுக்குத் திரும்பியவர். 102 வயதில் ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். 101க்கும் 103க்கும் இடையே முறையான பயிற்சியில் அவர் உடம்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன், எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35க்கு உயர்ந்ததை அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு மனிதர்தான். ஆனாலும் அந்த வயதிலும் உடம்பு பயிற்சிக்கு இசைகிறது என்பதற்கு அது கண்கூடு.

வெளிப்படை ஐயாவின் கவலைக்கு வருகிறேன். ஐம்பதைத் தாண்டியவர், அதிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இதய நோய் இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளவர், கடும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். டிரெட்மில் ஈ.சி.ஜி. தேவையா என்று அவர் சொல்வார். ஓட்டும்போது நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு, தலை கிறுகிறுப்பு இதில் எது வந்தாலும் அங்கேயே இறங்குங்கள். சமாளித்துக்கொண்டு ஓட்டலாம் என்ற எண்ணமே கூடாது.

மாத்திரை விஷயத்தை யாரும் பேசுவதில்லை. பீட்டா பிளாக்கர் என்ற ரத்த அழுத்த, இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதயத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. கைக்கடிகாரம் 110 என்று காட்டும், ஆனால் உடம்பு முழு வேலையில் இருக்கும். அவர்கள் பேச்சை வைத்து அளக்க வேண்டும். முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். மூட்டு வலிக்கு இபுபுரோஃபென் போட்டுக்கொண்டு கிளம்பும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. எனாலப்ரில் போன்ற அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர், வெயிலில் உடம்பு வறண்ட நிலையில் அதையும் போட்டால் சிறுநீரகம் பழுதாகலாம். தயவுசெய்து வேண்டாம்.

வெளிப்படை

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. பரிசோதனை செய்துவிட்டு என்றால் என் ஆட்சேபம் பாதி குறைகிறது. மீதிப் பாதி சாலை. போட்டி நாளில் சாலை மூடியிருக்கும், சரி. பயிற்சி நாளில்? நம் ஓட்டுநர்களை நம்பி ஒரு அறுபது வயதுக்காரரை எப்படி அனுப்புவது? சைக்கிளைப் பறித்துக்கொண்டு போகிறவர்கள் வேறு.

சாட்ஸ்வொர்த் டீச்சர்

இதில் உங்கள் பக்கம்தான் நான். தனியாக ஓட்டவே மாட்டேன். இருட்டிலும் ஓட்ட மாட்டேன். டர்பனில் கடற்கரை நடைபாதை இருப்பது நமக்குக் கிடைத்த வரம். ஊஷாக்கா கடல் பூங்காவிலிருந்து புளூ லகூன் வரை வண்டி பயமே இல்லை. நான் மாதக்கணக்கில் அங்கேதான் பழகினேன். எங்கள் அம்மா காலத்தில் இந்தக் கடற்கரையில் பெரும்பகுதி வெள்ளையர்களுக்கென்று ஒதுக்கிய இடம். இப்போது அதிகாலையில் அங்கே போய்ப் பாருங்கள், எல்லா நிறத்திலும் தாத்தா பாட்டிமார் நடப்பார்கள், ஓடுவார்கள், ஓட்டுவார்கள். எனக்கு அந்தக் காட்சியே தெம்பு.

நீண்ட தூரத்துக்கு எம்4இல் உம்லாங்கா, உம்ட்லோட்டி வழியாகப் பலிட்டோ பக்கம் போவோம். கிளப்போடு மட்டும், ஞாயிறு காலையில் மட்டும், பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தபடி. வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் சைக்கிளைத் தாண்டும் வண்டி போதிய இடைவெளி விட வேண்டும் என்று 2013இலேயே விதி போட்டார்கள். விதி இருப்பது வேறு, அதை நம்பி ஓட்டுவது வேறு.

செயின்ஸ்ப்ராக்கெட் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அக்கா, வாழ்த்து. நான் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவன். பெரியவங்க செய்யற செலவு எப்பவும் தப்பான இடத்துல போகுது. எடை குறைஞ்ச கார்பன் சட்டத்துக்குக் காசைக் கொட்டுவாங்க, கியரைக் கவனிக்க மாட்டாங்க. வயசானவங்களுக்கு முதல் தேவை சின்ன கியர். முன்னால 34 பல், பின்னால பெரிய பல்சக்கரம் 34 பல் இருந்தா சூக்கர்பொஸியில உட்கார்ந்த மேனிக்கே ஏறலாம், முட்டிக்குப் பாரம் வராது. டயர் 28 மில்லிமீட்டர் போடுங்க, காத்தைக் கொஞ்சம் குறைச்சு அடைங்க. முதுகும் மணிக்கட்டும் பிழைக்கும்.

அடுத்தது சீட் உயரம். உட்கார்ந்துகிட்டுக் குதிகாலைப் பெடல்ல வெச்சா, பெடல் கீழே இருக்கும்போது கால் நேரா நீளணும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தை வெச்சா முட்டி லேசா மடங்கியிருக்கும். அதுதான் சரி. முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா சீட் தாழ்வா இருக்கும், பின்பக்கம் வலிச்சா உயரமா இருக்கும். பெரும்பாலும் இவ்வளவுதான் விஷயம். காலணியைப் பெடலோட பூட்டற முறை வேணாம்னா விடுங்க, சாதாரண பெடல்லயே முடிக்கலாம்.

முதல் போட்டியா எங்க ஊர் அமாஷோவாவைச் சொல்வேன். அக்டோபர்ல வரும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்லேர்ந்து டர்பன் வரைக்கும் 106 கிலோமீட்டர். கிளம்பற இடம் கடல்மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேல, முடியற இடம் கடற்கரை. அதுக்காக இறக்கம்தான்னு நினைச்சு வந்துடாதீங்க. பாலி ஷார்ட்ஸ், இன்சாங்கான்னு, இதே ரெண்டு ஊருக்கு நடுவுல நடக்கற காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டக்காரங்களுக்குத் தெரிஞ்ச மேடெல்லாம் இதுலயும் வரும். கேட்டோ ரிட்ஜ்லேர்ந்து கிளம்பற குறைஞ்ச தூரமும் உண்டு. உங்க அப்பாவுக்கு அதை முதல்ல கொடுங்க, மலைக்கோட்டை அண்ணே.

மலைக்கோட்டை

ரொம்ப நன்றி. அப்பாகிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன். குறைஞ்ச தூரம்னதும் முகம் வாடிப்போச்சு, அப்புறம் ஒத்துக்கிட்டார். அவருக்குச் சர்க்கரை இருக்கு, மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் எடுக்கறார். ஜெல் மாதிரி கடையில விக்கறதெல்லாம் அவருக்குப் பிடிக்கல. நம்ம சாப்பாட்டுலயே என்ன கொடுக்கலாம்?

ஸ்டெத்

கிளிக்லசைட் இருப்பதால் கவனம் வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்வது அபூர்வம். கிளிக்லசைட், இன்சுலின் இரண்டிலும் நீண்ட உழைப்பில் சட்டென்று இறங்கும், அன்றிரவு தூக்கத்திலும் இறங்கலாம். நீண்ட தூர நாளில் அளவை மாற்றுவதா என்று அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், கூடப் போகிறவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும். 1981 காம்ரேட்ஸ் ஓட்டத்தில் அப்படி விழுந்த ஒருவரைப் பார்த்துத்தான் நம் கேப் டவுன் விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ் 1985இல் இதைக் கட்டுரையாக எழுதினார்.

சைக்கிள் எலும்புக்குப் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உட்கார்ந்தபடி மிதிப்பதால் எலும்பில் பாரம் விழுவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இரண்டு நாளாவது எடை தூக்க வேண்டும், படியேற வேண்டும்.

சாட்ஸ்வொர்த் டீச்சர்

சாப்பாடு என் பாடம்! மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு. ஒரு வாழைப்பழம் ஏறத்தாழ 25 கிராம். நான் உப்புப் போட்டு அவித்த சின்ன உருளைக்கிழங்கு, பேரீச்சம்பழம், கடலை உருண்டை, கையளவு உருட்டின புளியோதரை கொண்டு போகிறேன். புளிப்பும் உப்பும் வெயிலில் வாய்க்குப் பிடிக்கும், இனிப்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் திகட்டிவிடும். கிளம்பி முக்கால் மணி ஆனதும் பசி இல்லாவிட்டாலும் ஒரு வாய். பசித்த பிறகு சாப்பிட்டால் கால் அதற்குள் ஓய்ந்துவிடும். அப்பாவுக்கு எதை எவ்வளவு என்பதை ஸ்டெத் ஐயா சொன்னபடி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வும் பயிற்சிதான் தம்பி. இளவட்டங்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நீண்ட தூரம் போவார்கள். நமக்கு ஒன்று போதும், அடுத்த இரண்டு நாள் தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும் நாள். அந்த நாட்களில் பருப்பு, முட்டை, மீன், தயிர் கூடுதலாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் வாசகி

அக்கா, இவ்வளவையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். எனக்கு 59. சைக்கிளில் ஏறியதே கிடையாது. வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த இறுக்கமான கால்சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டில் போவாயா என்று கேட்கிறார். எனக்கும் கூச்சம்தான். விழுந்துவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிது. இந்த வயதில் பாலன்ஸ் வருமா?

சாட்ஸ்வொர்த் டீச்சர்

வரும் தங்கச்சி. முதலில் இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டைத் தாழ்த்தி, பாதம் இரண்டும் தரையில் பதியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கால்களால் உந்தி உந்திப் போனால் பாலன்ஸ் தானாக வரும், விழ வழியே இல்லை. திரும்பவும் நிறுத்தவும் கை பழகிய பிறகு பெடலை மாட்டலாம். யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடத் தேவையில்லை.

உடுப்புக்கு வழி இருக்கிறது. உள்ளே பஞ்சு வைத்த கால்சட்டை, மேலே தளர்வான அரைக்கால் சட்டையோ முட்டியைத் தாண்டும் சட்டையோ போடலாம். நான் ஆரம்பத்தில் பஞ்சாபி சட்டைதான் போட்டேன். துப்பட்டா மட்டும் வேண்டாம், சக்கரத்தில் சிக்கும். வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள், நாம் பழகும் நேரத்தில் அவர் நடக்கட்டும்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடைபாதையின் ஊஷாக்கா முனையில் இருப்பேன். மழை என்றால் அடுத்த ஞாயிறு. என் பழைய வண்டி தாழ்வானது, உங்களுக்குச் சரியாக இருக்கும், பெடலைக் கழற்றியே கொண்டு வருகிறேன். தலைக்கவசம் எங்கள் கிளப்பில் கேட்டு வாங்கி வைக்கிறேன், தலை அளவை மட்டும் நூலால் அளந்து செண்டிமீட்டரில் எழுதுங்கள்.

பீனிக்ஸ் வாசகி

56 செண்டிமீட்டர், அக்கா. இரண்டு பேரும் வருகிறோம்.